பக்கத்தில் உட்கார்ந்தவள்

டோரீன் டீச்சரின் குரல் தெரியாதவர்கள் ஜீவனஹள்ளியில் குறைவு. பதினெட்டு வருஷமாக ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்ன குரல் அது. நாற்பத்திரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் இரைந்தாலும் அதற்கு மேலே எழும்பி, ஒருவரையும் திட்டாமல் எல்லோரையும் உட்கார வைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அவள் எழுந்தால் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். வீட்டில் மாலை ஜெபமும் அவள் பொறுப்புதான். கணவன் கிளெமென்ட் கடைசியில் ‘ஆமென்’ சொல்வதோடு சரி.

அந்தக் குரல் ஜூன் மாதம் போனது.

கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. தைராய்டு என்றார்கள், பிறகு புற்று என்றார்கள், குணமாகிற வகைதான் என்று தைரியமும் சொன்னார்கள். அறுவை சிகிச்சையில் கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அது குரலுக்குப் போகிற நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்தது. நரம்பை விட்டால் கட்டியையும் விட்டுவைக்க வேண்டும் என்ற நிலைமை. டாக்டரம்மா கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னார்.

“உயிருக்கு இனிமே பயமில்ல டோரீன். குரல் எவ்வளவு திரும்பும்னு மட்டும் என்னால இப்ப சொல்ல முடியாது. ஏழெட்டு மாசம் போகட்டும், பாப்போம்.”

டோரீன் ‘சரி’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு நாளில் மனுஷிக்கு எத்தனை இடத்தில் குரல் வேண்டியிருக்கிறது என்பது தெரிந்தது. ஆட்டோக்காரரிடம் இடம் சொல்ல முடியவில்லை. காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் விரலைக் காட்டி அரைக் கிலோ என்றால், கடைக்காரர் இவளுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக் கத்திப் பதில் சொன்னார். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் ஜூலியா போன் செய்தால், அவள் மட்டும் பேசிக்கொண்டே போவாள். டோரீன் போனை நகத்தால் தட்டுவாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. “அழறியாம்மா?” என்று ஒரு நாள் மகள் கேட்டபோது எத்தனை தட்டுவது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். தலைமையாசிரியை நல்லவர், கையில் ஒரு மணியைக் கொடுத்து, “இத வெச்சு சமாளிங்க மிஸ்” என்றார். இரண்டு நாள் சமாளித்தாள். மூன்றாம் நாள், போர்டில் எழுதிவிட்டுத் திரும்புகிறாள், கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி ஜன்னல் கட்டையில் ஏறி நிற்கிறாள். ‘இறங்கு’ என்று டோரீன் அலறினாள். வகுப்பில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே அவள் ஓடிப் போவதற்குள் குழந்தை விழுந்து, மோவாய் கிழிந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். நாலு தையல். குழந்தையின் அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை. டோரீன்தான் அன்று சாயங்காலமே லீவு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். எத்தனை நாள் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஜெபிப்பதை விட்டுவிட்டாள். கோயிலுக்குப் போவதை விடவில்லை. போகாவிட்டால் கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வழக்கமான பெஞ்சில் உட்காருவாள், பாட்டு வரும்போது எழுந்து நிற்பாள், உதட்டை அசைக்க மாட்டாள். ஆண்டவரே, என்னிடம் உமக்குக் கொடுக்க இருந்தது அது ஒன்றுதான், அதையே எடுத்துக்கொண்டீரே என்று ஒரே ஒரு தரம் மனசுக்குள் கேட்டாள். பதில் வரவில்லை. அப்படியானால் பேச ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டாள்.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஐரின் அக்கா தலைமையில் ஆறு பேர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். ஒவ்வொருவரும் நீளமாக ஜெபித்தார்கள். “விசுவாசம் மட்டும் குறையக் கூடாது டோரீன், விசுவாசம் இருந்தா குரல் தானா வரும்” என்று ஐரின் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். டோரீன் எல்லோருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, ஆறு டம்ளரையும் கழுவினாள். கழுவக் கழுவ ஆத்திரம் பொங்கியது. குரலும் போய், போனதற்குக் காரணமும் நானேவா? சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், வாயை அகலத் திறந்து கத்தினாள்.

வீட்டில் மாலை ஜெபம் நின்று பத்து நாள் ஆகியிருக்கும். கிளெமென்ட் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களை அளந்து பார்த்துப் பாஸ் போடுகிற வேலையில் இருப்பவன். அதிகம் பேசாதவன். அன்று சாப்பிடுவதற்கு முன்னால் திடீரென்று கையைக் கூப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆரம்பித்தான்.

“ஆண்டவரே, ஸ்தோத்திரம். இன்னைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். பஸ் லேட்டு. மூணு பீஸ் ரிஜெக்ட் ஆச்சு, மத்தபடி ஒண்ணும் பிரச்சன இல்ல. டோரீன்... டோரீன் இங்கதான் உக்காந்திருக்கா. உங்களுக்கே தெரியும். பாத்துக்குங்க. ஆமென்.”

மேலாளருக்கு அறிக்கை கொடுப்பது போல இருந்தது. பழைய டோரீனாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அடுத்த நாளும் அவன் அறிக்கை கொடுத்தான். அதற்கு அடுத்த நாளும்.

நவம்பரில் எதிர்வீட்டு நரேஷ் செத்துப்போனான்.

லட்சுமம்மாவுக்கும் வெங்கடசாமிக்கும் ஒரே பிள்ளை அவன். வெங்கடசாமி தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், லட்சுமம்மா ஒரு அபார்ட்மென்டில் மூன்று வீடுகளுக்குச் சமையல் செய்கிறவள். நரேஷுக்கு இருபத்து நாலு வயது. பொம்மசந்திராவில்தான் அவனுக்கும் வேலை. மழை பெய்த ஒரு காலையில் ஓசூர் ரோட்டில் பைக் சறுக்கி, பின்னால் வந்த லாரி ஏறிவிட்டது. டோரீன் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவள் கையில் முதல் முதலாக அகரம் எழுதிய பிள்ளைகளில் அவனும் ஒருவன். பென்சிலை இடது கையில் பிடிப்பான்.

பதினொரு நாள் அந்த வீட்டில் ஜனம் வந்துகொண்டே இருந்தது. லட்சுமம்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. வருகிறவர்கள் எதையாவது சொல்லி அழ வைக்கப் பார்த்தார்கள். தலையெழுத்து என்றார்கள். நல்லவர்களைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளும் என்றார்கள். பைக் வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாது என்றும் ஒருத்தி சொன்னாள். பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு வெங்கடசாமி லாரி எடுக்கப் போய்விட்டார். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் கிளெமென்டிடம் சொன்னாராம். ஜனமும் நின்றது.

டோரீன் மட்டும் போய்க்கொண்டிருந்தாள். இதைப் பெரிய தொண்டு என்று சொல்ல முடியாது. பதினொரு மணிக்குத் தன் வீட்டில் தனியாக இருக்க அவளால் முடியவில்லை. எதிர்வீட்டில் ஒன்றும் பேச வேண்டியதில்லை என்பது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். கதவைத் தள்ளிக்கொண்டு போவாள். லட்சுமம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்காருவாள். ஒரு மணிக்கு இரண்டு டம்ளர் மோர் கலந்து, ஒன்றை அவள் கையில் வைத்துவிட்டு, ஒன்றைத் தான் குடித்துவிட்டு வருவாள். லட்சுமம்மா சில நாள் குடித்தாள், சில நாள் அப்படியே வைத்தாள். நடுவில் பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும், ஜன்னல் கம்பி அதிரும், அடங்கும்.

டிசம்பர் கடைசியில் மார்க்கெட் முழுக்க, விதைக்காக உரிக்கிற அவரைக்காய் வந்து குவிந்தது. டோரீன் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்கே போய், பாயில் கொட்டி உரிக்க ஆரம்பித்தாள். அந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. கால் மணி நேரம் போயிருக்கும். லட்சுமம்மா கையை நீட்டி ஒரு பிடி காயை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். அவள் விரல்கள் டோரீனுடையதைவிட வேகம்.

“நீ ஏன் டீச்சர் தினோம் வரே?” என்றாள், கன்னடம் கலந்த தன் தமிழில். ஏழு வாரத்தில் அவள் டோரீனிடம் பேசிய முதல் பேச்சு.

டோரீன் கிட்டே குனிந்து, காற்றுக் குரலில், “தெரியலக்கா” என்றாள்.

“எல்லாரும் வந்தாங்க. ஹெல்மெட் போட்டிருந்தா பொழச்சிருப்பான்னு ஒருத்தி சொன்னா. போட்டுக்கினுதான் போனான் டீச்சர். நான்தான் எடுத்துக் குடுத்தேன்.” காய் உரிப்பது நிற்கவில்லை. “நீ மட்டும் ஒண்ணுமே சொல்லல.”

“கொரல் இல்லியேக்கா.”

“இருந்திருந்தா?”

டோரீன் யோசித்தாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. குரல் இருந்திருந்தால் முதல் நாளே வந்திருப்பாள், ஆறுதலாக ஒரு வசனம் சொல்லியிருப்பாள், கையைப் பிடித்துப் பத்து நிமிஷம் அழகாக ஜெபித்திருப்பாள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று திரும்பிப் போயிருப்பாள். மறுநாள் வந்திருக்க மாட்டாள்.

“நானும் சொல்லியிருப்பேங்க்கா. நெறைய சொல்லியிருப்பேன்.”

“அப்ப உன் கொரல் போனது நல்லதாப் போச்சு” என்றாள் லட்சுமம்மா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. “ஐயோ...” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். டோரீனுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்து லட்சுமம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் மாறினாள் என்று தெரியவில்லை. மகனின் பெயரைச் சொல்லி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டு அழுதாள். அவரைக்காய்த் தோலுக்கு நடுவில் டோரீன் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தானும் அழுதாள். யாருக்காக என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பிறகு லட்சுமம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். பொங்கல் முடிந்த வாரம், அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: “உங்க இயேசு உனக்கு எதனா சொன்னாரா டீச்சர்? கொரலப் பத்தி?”

டோரீன் இல்லையென்று தலையசைத்தாள். “ஏழு மாசம் ஆச்சுக்கா. ஒரு வார்த்த இல்ல.”

“நம்ம சாமியும் அதேதான். கல்லு மாதிரி இருக்குது.” லட்சுமம்மா முறத்தை ஒரு தட்டு தட்டினாள். “பேசாத சாமியப் போயி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எதுக்குப் பாக்குறே? சும்னேதானே, சும்மா?”

“நானும்தான் உங்ககிட்ட ஏழு வாரம் பேசல. அதுக்காக வராமயா இருந்தேன்?”

யோசித்துச் சொன்ன பதில் அல்ல. வாயில் வந்துவிட்டது. லட்சுமம்மா “அதுவும் ஹௌது” என்று ஆமோதித்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிடி அரிசியை எடுத்துக்கொண்டாள். டோரீனுக்குத்தான் கை ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து சமையல்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பேசாதவர் இல்லாதவர் என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டு, அவர் மேல் கோபித்துக்கொண்டு இருந்தோமே என்று நினைத்தாள். தான் லட்சுமம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை லட்சுமம்மா முதல் சில வாரம் கவனிக்கக்கூட இல்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் தான் அங்கே இருந்தது பொய் இல்லையே. இந்த ஏழு மாசத்தில் தானும் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்?

கேள்வி முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஏன் நான், ஏன் நரேஷ் என்பதற்கெல்லாம் அந்த நாற்காலியில் விடை கிடைக்கவில்லை. ஆனால் ஜூன் மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் கண்ணை மூடி, “இங்கதான் இருக்கீரா?” என்று கேட்டாள். குக்கர் இறங்கிய சமையல்கட்டு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் உட்கார்ந்திருக்க அவளுக்குப் பயமாக இல்லை. அன்று மாலை கிளெமென்ட் தன் அறிக்கையை முடித்தபோது, காற்றுக் குரலில் “ஆமென்” என்றாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் தொண்டையைச் செருமிக்கொண்டு, முடித்த ஜெபத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டான்.

பிப்ரவரியில் டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். ஒரு பக்கத்துக் குரல் நாண் அசையவே இல்லை. ஒரு ஊசி போட்டார்கள். அதில் காற்று கொஞ்சம் கெட்டியாகி, கரகரப்பாக ஒரு குரல் வந்தது. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், அறையின் அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்காது.

“இதுக்கு மேல பெருசா எதிர்பாக்காதீங்க” என்றார் டாக்டரம்மா, தயங்கித் தயங்கி.

“சரி டாக்டர்” என்றாள் டோரீன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கூடம் போனாள். தலைமையாசிரியையின் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, அவர் நாற்காலிக்கு அருகிலேயே நின்று பேசினாள். நாற்பத்திரண்டு பேர் வேண்டாம். ஒவ்வொரு வகுப்பிலும் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பெரிய வகுப்பில் அவர்கள் கடைசியில் உட்கார்ந்து தப்பித்துக்கொள்வார்கள். அவர்களை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். அவர், “லைப்ரரி மூலை போதுமா மிஸ்?” என்று கேட்டார்.

எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அவள் குரல் கேட்க வேண்டுமென்றால் கிட்டே வந்தாக வேண்டும், அதனால் வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் மெதுவாகப் பேசியதால் அவர்களும் மெதுவாகவே பதில் சொன்னார்கள். தப்பாக வாசித்தாலும் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் கேட்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஷ்ரேயாஸ் என்று ஒரு பொடியன் அவள் காதுக்கருகில் வந்து, “மிஸ், இது சீக்ரெட் கிளாஸா?” என்று ரகசியமாகக் கேட்டான். “ஆமா” என்றாள் அவளும் ரகசியமாக. இரண்டு வாரத்தில் சேர விரும்பிப் பிள்ளைகள் வாசலில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பெரிய வெள்ளி வந்தது. மூன்று மணி நேர ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள். ஒரு வார்த்தை பெண்கள் சங்கத்துக்கு, வழக்கமாக டோரீனுக்கு. ஐரின் அக்கா முன்கூட்டியே வந்து கேட்டார். “மைக்க வாய்கிட்ட வெச்சுக்கலாம் டோரீன், நீ பேசு.”

“இந்த வருஷம் நான் கேக்குறேங்க்கா” என்றாள் டோரீன். கோபமாகச் சொல்லவில்லை. ஐரின் அக்காவுக்கு அது புரிந்தது. அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஏழு பேர் பேசி முடித்தார்கள். கடைசியில் ஆயர், இயேசுவை அடக்கம் செய்த பகுதியை வாசித்தார். கல்லைப் புரட்டி வைத்துவிட்டு அடக்கம் செய்தவர் போய்விட்டார், இரண்டு பெண்கள் மட்டும் கல்லறைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள் என்று அதில் வந்தது. எத்தனையோ தடவை தானே உரக்க வாசித்த பகுதிதான். அந்தப் பெண்கள் என்ன பேசினார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எழுதியிருக்கவில்லை. உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் என்ன நடக்கப் போகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். கேட்டைத் தட்டிக்கொண்டு லட்சுமம்மா நின்றாள். தலை வாரி, துவைத்த புடவை கட்டியிருந்தாள். மறுபடி ஆரம்பித்திருந்த சமையல் வேலைக்குப் போய் வருவதைத் தவிர அவள் இந்த ஐந்து மாசத்தில் எங்கேயும் கிளம்பியதில்லை.

“டீச்சர், மூணாவது கிராஸ்ல காந்தா இருக்கால்ல, பூ விக்கிறவ. அவ பொண்ணு டெங்குல போயிட்டா. பதினாறு வயசு. நேத்துதான் எடுத்தாங்க.” லட்சுமம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “போலாம்னு பாக்குறேன். ஒண்டியாப் போக முடியல. நீயும் வர்றியா?”

டோரீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வீட்டைப் பூட்டினாள்.

பாதி வழியில் லட்சுமம்மா நின்றுவிட்டாள். டோரீன் அவள் கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு மின்கம்பத்தின் ஓரமாக நின்று, வெயில் சுடும்வரை காத்திருந்து, பிறகு மெல்ல நடந்தார்கள்.

காந்தாவின் வீடு ஒரே அறை. நாலைந்து பேர் கூடி, எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காந்தா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். லட்சுமம்மா யாரையும் பார்க்காமல் நேராகப் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். காந்தா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“உன் பையனும்...” என்றாள்.

“ஆமா. நவம்பர்ல” என்றாள் லட்சுமம்மா.

மத்தியானம்வரை அவர்கள் பேசியது அவ்வளவுதான். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். காந்தா எப்போதோ சாய்ந்து, லட்சுமம்மாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். டோரீன் சுவரோரமாக அவர்களை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். விடிந்தால் ஈஸ்டர். ஆனால் இந்த அறைக்கு அது இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நீளமாக ஒன்றும் வரவில்லை. ‘ஆண்டவரே, நாங்க மூணு பேர் இங்க இருக்கோம், நீரும் வந்து உக்காரும்’ என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, அவருக்கும் இடம் வேண்டுமே என்பது போல, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.